பாலை நிலத்து இளவரசனும் மருத நிலத்து இளவரசனும்

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில், நூலகத்தின் கடைசி அலமாரியில், பழைய மறையுரைத் தொகுப்புகளுக்கு இடையே அட்டை கிழிந்த தடித்த ஆங்கில நாவல் ஒன்று கிடந்தது. அதை அங்கே கொண்டுவந்து வைத்தவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. ஐப்பசி மழை ஓயாமல் பெய்த சில இரவுகளில் அதை நான் படித்து முடித்தேன். எழுதியவர் ஃபிராங்க் ஹெர்பர்ட் என்னும் அமெரிக்கர். வெளிவந்த ஆண்டு 1965. பெயர் 'டியூன்', அதாவது மணற்குன்று. அறிவியல் புனைகதைகளில் தலையாய காவியமாக அதனை உலகம் கொண்டாடி வருகிறது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். 2021-இலும் 2024-இலும் அக்கதை இரு திரைப்படங்களாக வந்தபோது, எங்கள் பங்கின் இளைஞர் சிலர் அவற்றைப் பார்த்துவிட்டு வந்து, பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்நாவலை நான் முன்பே படித்திருக்கிறேன் என்று சொன்னதை அவர்கள் முழுவதுமாக நம்பியதாகத் தெரியவில்லை.

அறியாத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிற்பட்ட காலம். மனிதர்கள் விண்மீன்களிடையே பரவி, மீண்டும் பேரரசர், சிற்றரசர் என்னும் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். அர்ராக்கிஸ் என்னும் கோள் முழுவதும் மணல். ஆயினும் விண்வெளிப் பயணத்துக்கு இன்றியமையாத ஒருவகை நறுமணப்பொருள் அங்கு மட்டுமே விளைவதால், அதனை ஆள்வதற்குப் போட்டி. அக்கோளை ஆள வரும் சிற்றரசர் லீட்டோ, தம் அரண்மனை மருத்துவரே இழைத்த துரோகத்தால் மாள்கிறார். அவர் மகன் பால் அட்ரெய்டிஸ், பதினைந்து வயதுச் சிறுவன், தாயுடன் பாலைவனத்துக்குள் தப்பியோடுகிறான். அங்கு வாழும் ஃபிரமென் என்னும் மறக்குடியினர் அவனைத் தம்முள் ஒருவனாக ஏற்றுக்கொள்கிறார்கள். அவன் வளர்கிறான், மணற்புழுக்கள் மீது ஏறிச் செலுத்தக் கற்கிறான், படை திரட்டுகிறான், இறுதியில் பேரரசரையே பணியவைத்து அரியணை ஏறுகிறான்.

டெல்டாவில் பிறந்தவன் ஒருவன் இந்நாவலில் முதலில் காண்பது தண்ணீரைத்தான். மேட்டூரில் சூன் 12-ஆம் நாள் மதகு திறக்குமா, திறந்த நீர் கடைமடைக்கு என்று வந்து சேரும் என்று நாள் எண்ணியே வாழ்ந்து பழகியவர்கள் நாம். அர்ராக்கிஸில் வாழ்வோர் உடலின் வியர்வையையே வடித்துக் குடிநீராக்கும் ஆடையை அணிந்து திரிகிறார்கள். இறந்தவர் உடலில் உள்ள நீர் அவர் குலத்துக்குச் சொந்தம். ஒருவர் முன் உமிழ்வது அங்கே அவமதிப்பன்று. உடலின் ஈரத்தைக் காணிக்கையாக்கும் மரியாதை. பாலையை ஐந்திணையுள் ஒன்றாக வைத்த தமிழருக்கு இவ்வுலகம் முற்றும் அந்நியமானதன்று. எனினும் நம் கதை பாலையில் நடந்ததன்று. வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் பாயும் மருதத்தில் நடந்தது. வருங்காலத்தில் அன்று, இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு.

தந்தையை இழந்த இளவரசன், அவன் உரிமையைக் கைப்பற்றிய உறவினர், சிறை, பதினைந்தாம் வயதில் தாய்மாருடன் ஊரைவிட்டு வெளியேற்றம், அயலார் நடுவே கல்வி, பின்பு அரியணை. இவ்வளவும் தஞ்சைச் சரபோஜி மன்னரின் வரலாறு. ஒற்றுமை வியப்புக்குரியதுதான். ஆனால் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒற்றுமை அன்று. அரியணைக்குப் பின் இருவரும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதே.

மராட்டிய மன்னர் இரண்டாம் துளஜா 1763-இல் பட்டமேறியவர். 1773-இல் ஆர்க்காட்டு நவாபு ஆங்கிலேயப் படையின் துணையோடு தஞ்சையைப் பிடித்துக்கொண்டார். கம்பெனி இயக்குநர்களின் ஆணைப்படி 1776-இல் நாடு துளஜாவிடமே திரும்பிற்று. திரும்பிய நாடு பழைய நாடன்று. கடனும் வரியும் அதை அரித்திருந்தன. 1781-இல் ஐதர் அலியின் படைகள் டெல்டாவுக்குள் புகுந்தபோது, நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்ற இந்நாட்டில் மக்கள் பசியால் தெருக்களில் விழுந்து மடிந்தார்கள். இந்தக் கொடுமையின் நடுவில்தான் கிறித்தியான் ஃபிரெடெரிக் சுவார்ட்ஸ் என்னும் செருமானியரை நாம் சந்திக்கிறோம்.

அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். லுத்தரன் சபை மறைப்பணியாளர். 1726-இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, ஹாலே நகரில் பயின்று, 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். திருச்சிராப்பள்ளியில் பல்லாண்டு பணியாற்றியபின் 1778-இல் தஞ்சையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். தமிழும் மராத்தியும் பாரசீகமும் அறிந்தவர், மணமாகாதவர். முற்றுகைக் காலத்தில் கோட்டைக்குள் நெல் இல்லை. வெளியே நெல் உண்டு. ஆனால் அதைக் கொண்டுவர மாடு தருவார் இல்லை. கொடுத்ததற்கு விலை கிடைக்கும் என்று அரசனையும் கம்பெனியையும் நம்புவதற்குக் குடியானவர் எவரும் ஆயத்தமாக இல்லை. சுவார்ட்ஸ் தம் பெயரைச் சொல்லி ஆளனுப்பினார். சில நாள்களில் ஆயிரம் மாடுகளும் எண்பதாயிரம் கலம் தானியமும் வந்து சேர்ந்தன. பின்னொரு சமயம், அதிகாரிகளின் கொடுமைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிப்போன உழவர்களை அவர் திரும்ப அழைத்தபோது, ஒரே நாளில் ஏழாயிரம் பேர் தத்தம் நிலத்துக்குத் திரும்பினார்கள். நடவுப் பருவம் தவறிக்கொண்டிருந்தது. அவர்கள் இரவும் பகலும் பாடுபட்டு வயலை மீட்டார்கள்.

துளஜா பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சாகக் கொடுத்தவர். நோயுற்றுப் படுக்கையில் இருந்த அவர், 1787 தொடக்கத்தில் தம் குலத்துச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்துச் சரபோஜி எனப் பெயரிட்டார். பையன் 1777 செப்டம்பரில் பிறந்தவன்; ஒன்பது வயது. மன்னர் சுவார்ட்ஸை அழைத்துப் பிள்ளையை அவர் கையில் ஒப்படைக்க விரும்பினார்.

இந்த இடத்தில் சுவார்ட்ஸ் ஒரு பிழை செய்தார். நல்லெண்ணத்தால் செய்த பிழை. தாம் ஒரு துறவி போன்றவர். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்து பிள்ளையைப் பார்க்கலாமேயன்றி, அரண்மனையிலிருந்து அவனைக் காப்பது தம்மால் இயலாது. மன்னருக்கு அமர்சிங் என்னும் தம்பி உண்டு. பிள்ளை வளரும்வரை அவரே தந்தையின் இடத்திலிருந்து காக்கட்டும் என்று அறிவுரை சொன்னார். மன்னர் ஏற்றுக்கொண்டார், சில நாள்களில் காலமானார். அமர்சிங் காவலராக இருக்க விரும்பவில்லை. தத்து செல்லாது என்றார். சென்னை ஆளுநர் பண்டிதர்களைக் கூட்டிக் கேட்டார். பையன் தன் தந்தைக்கு ஒரே மகன், தத்துக்குரிய வயதைக் கடந்தவன் என்பன போன்ற காரணங்களால் தத்து செல்லாது என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அமர்சிங் அரசரானார்.

பிறகு பையனுக்கு நேர்ந்ததைச் சுவார்ட்ஸின் கடிதங்கள் கூறுகின்றன. அரண்மனையின் ஓர் இருண்ட பகுதியில் அவன் அடைத்து வைக்கப்பட்டான். கல்வி மறுக்கப்பட்டது. அரசபோகம் கொடுக்கப்பட்டிருந்தால்கூட அது கேடாகத்தான் முடிந்திருக்கும். இவனுக்கோ வெளிச்சமே கொடுக்கப்படவில்லை. ஒருமுறை சுவார்ட்ஸ் பார்க்கச் சென்றபோது, சூரியனையும் சந்திரனையும் காணவொட்டாமல் பிள்ளைகளைத் தடுத்து வைப்பதுதான் ஐரோப்பாவிலும் வழக்கமா என்று சிறுவன் கேட்டானாம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கேள்வி இது. அதில் குறும்பும் உண்டு, குற்றச்சாட்டும் உண்டு. யாருடைய அறிவுரையால் தான் இருட்டில் இருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. சுவார்ட்ஸுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பின் அவர் வாழ்ந்த ஆண்டுகளில் பெரும்பகுதி இந்தப் பிழையைத் திருத்துவதிலேயே கழிந்தது எனலாம். அறுபது வயதைக் கடந்தவர் சென்னைக்கும் தஞ்சைக்கும் இடையே கடிதம் கடிதமாக எழுதினார். பையனுக்குச் சிப்பாய்க் காவல் பெற்றார். ஆசிரியர் கிடைக்கச் செய்தார். அதுவும் போதாது என்று கண்டு, 1793 சனவரியில் சரபோஜியையும் துளஜாவின் இரு மனைவியரையும் சென்னைக்கு அழைத்துச் சென்றார். அப்போது பையனுக்கு வயது பதினைந்து. மணற்கோளில் பால் அட்ரெய்டிஸ் தன் தாயுடன் இருளில் ஓடிய அதே வயது.

நாவலில் என்னை நெடுங்காலம் உறுத்திய பகுதி ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. பாலைவன மக்கள் அச்சிறுவனை ஏன் ஏற்றார்கள்? வெளியுலகிலிருந்து ஒரு மீட்பர் வருவார், அவர் தாயும் உடன் வருவார் என்னும் வாக்கு அவர்களிடையே வழங்கி வந்தது. அந்த வாக்கு தானாக முளைத்ததன்று. பெனி ஜெஸரிட் என்னும் பெண் துறவியர் சபையின் தூதர்கள், என்றேனும் தம் சபையினர் எவரேனும் அங்கே ஆபத்தில் அகப்பட்டால் உதவும் என்று கருதி, பல தலைமுறைகளுக்கு முன்பே விதைத்து வைத்தது. தாயும் மகனும் அந்த விளைச்சலை அறுவடை செய்துகொண்டார்கள். மறைப்பணி என்பது வரப்போகும் ஆட்சிக்கு வழி செய்யும் உழவு என்றே ஹெர்பர்ட் எழுதிவிட்டார். சமயப் பணியில் வாழ்நாளைச் செலவிட்ட என்னைப் போன்றவன் இதைப் படித்துவிட்டு எளிதாக உறங்க முடியாது. கீழை நாடுகளின் வரலாற்றில் இதற்குச் சான்று காட்டவும் முடியும்.

சுவார்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். 1779-இல் கம்பெனிக்காக ஐதர் அலியிடம் தூது சென்றவர் அவர். தஞ்சையில் கம்பெனிக்கும் அரண்மனைக்கும் இடையே மொழிபெயர்த்தவர் அவர். அவர் கூட்டிச்சென்று வளர்த்த பையன்தான் பின்னர் கம்பெனிக்கு நாட்டை எழுதிக் கொடுத்தான். இதையெல்லாம் மறைத்து அவரைத் திருவுருவாக்குவது வரலாற்றுக்கு அழகன்று. ஆனால் ஒன்றை அவர் செய்யவில்லை. தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட, தம்மையன்றி வேறு துணையற்ற சிறுவனைத் தம் சமயத்தின் வெற்றிச் சின்னமாக ஆக்கவில்லை. தஞ்சை மன்னர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார் என்னும் செய்தியை ஹாலேயிலும் இலண்டனிலும் எத்தனை ஆர்வத்துடன் வரவேற்றிருப்பார்கள் என்பதை அவர் அறியாதவர் அல்லர். தம் நம்பிக்கையை அவர் பையனிடம் ஒளிக்கவும் இல்லை. இறக்கும் தறுவாயிலும் அதைப்பற்றி அவனிடம் பேசினார். பேசியதோடு நின்றார்.

சென்னையில் சரபோஜிக்கு ஆசிரியராக அமைந்தவர் அதே சபையைச் சேர்ந்த கெரிக்கே. ஆங்கிலமும் கணக்கும் நிலவியலும் இயற்கை அறிவியலும் அங்கே அவனுக்கு அறிமுகமாயின. இருட்டறையிலிருந்து வந்தவன், விண்மீன்களை நோக்கும் கருவிகளின் முன் நின்றான். இதனிடையே தத்து வழக்கு மறுபடியும் எடுக்கப்பட்டது. வடநாட்டுப் பண்டிதர்களிடம் கேட்டபோது, தத்து செல்லும் என்று தீர்ப்பு வந்தது. முதல் தீர்ப்பு சாத்திரத்தால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

சுவார்ட்ஸ் முடிசூட்டு விழாவைப் பார்க்கவில்லை. 1798 பிப்ரவரி 13-ஆம் நாள் தஞ்சையில் காலமானார். அடக்கத்துக்கு வந்த சரபோஜி குழந்தையைப்போல் அழுதார். உடல்மீது பொன்னிழைத் துணியைப் போர்த்தினார். கல்லறைவரை உடன் சென்றார். கல்லறையின் மீது பொறிக்க ஆங்கிலத்தில் தாமே கவிதை அடிகள் எழுதிக் கொடுத்தார். நான்கு மாதங்கள் கழித்து, சூன் 29-ஆம் நாள், இருபது வயதில் அரியணை ஏறினார். அமர்சிங் திருவிடைமருதூருக்கு ஒதுங்கி, உதவித்தொகையில் வாழ்ந்து 1802-இல் மறைந்தார். அவர்மீது பழி தீர்த்துக்கொள்ளப்படவில்லை.

அறிவியல் காவியத்திலாயின் இங்கே முரசு முழங்க வேண்டும். தஞ்சையில் முழங்கியது வேறு. 1799 அக்டோபர் 25-ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி, நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குச் சென்றது. மன்னருக்கு ஆண்டுதோறும் ஓர் இலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் கிடைக்கும். கோட்டையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியும் அவர் பொறுப்பில் இருக்கும். அதே ஆண்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரிட்டு மாண்டிருந்தார். இரண்டிலும் எதிர்ப்பக்கம் இருந்தவர் வெல்லெஸ்லிதான். ஒருவர் வாளோடு வீழ்ந்தார். மற்றவர் எழுதுகோலை எடுத்தார். அன்று அவருக்கு இருபத்திரண்டு வயது. தமக்கு அரியணை அளித்தவர்களே நாட்டைக் கேட்டபோது, மறுப்பதற்கு அவரிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. இருந்தாலும், வெண்ணாற்றுக் கரையில் ஏர் பிடித்தவனிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அவன் உழுத நிலத்தின் வரி இனிக் கடல் கடந்து செல்லும். சரபோஜியின் நூலகத்தை வியக்கும் நாம், அதற்கான பொருள் எந்த வயலிலிருந்து வந்தது என்பதை மறக்கலாகாது.

வெறுமையான அரியணையில் அமர்ந்த இளைஞர் என்ன செய்வார்? மது, வேட்டை, அந்தப்புரம் என்னும் வழி அக்காலச் சிற்றரசர் பலருக்குத் தெரிந்த வழி. கம்பெனி அதிகாரிகள் அதைத் தடுத்திருக்கவும் மாட்டார்கள்.

1801-இல் தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த டாரினுக்கு மன்னர் ஒரு கடிதம் எழுதினார். நாட்டையே விட்டுக் கொடுத்தவர், சத்திரங்களை மட்டும் தம் பொறுப்பில் விட்டுவிடுமாறு அதில் வேண்டுகிறார். தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் அவருடைய முன்னோர் கட்டிய சத்திரங்கள் அவை. அங்கே சாதி பாராமல் வழிப்போக்கர் அனைவருக்கும் சோறிடப்படும். நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று அழைப்பார்கள். நோயுற்று நடக்க முடியாதவர்க்கு மருத்துவரும் மருந்தும் உண்டு. வழியில் மகப்பேறு நேர்ந்த பெண்களைப் பேணுவார்கள். தாய் தந்தையற்ற பிள்ளைகளை ஆசிரியரிடம் சேர்த்து, மூன்று வேளை உணவும், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியலும் தருவார்கள். இத்தனையும் விவரித்து எழுதுகிறார் அந்த இளைஞர். பெற்றோரைப் பிரிந்து, வளர்ப்புத் தந்தையையும் இழந்து, இருட்டில் வளர்ந்த ஒருவர், அநாதைப் பிள்ளைகளின் எண்ணெய்க் குளியலை அரசாங்கக் கடிதத்தில் குறிப்பிடுகிறார்! அவர் வளர்ந்துவிட்டார் என்பதை முடிசூட்டு நாளைவிட இக்கடிதமே எனக்குத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரத்தநாட்டில் 1802-இல் அவர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரத்தின் கட்டடம் இன்றும் உண்டு. அவ்வழியே பட்டுக்கோட்டைக்குப் பேருந்தில் செல்வோர் சற்றுத் தலைதிருப்பிப் பார்க்கலாம். கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறித்தவப் பிள்ளைகளுக்கும் அவர் உணவும் கல்வியும் அளித்து வந்தார்.

அதன்பின் அவர் தொட்டவை பல. எல்லாவற்றையும் ஈண்டு விரிக்க இடமில்லை. நாயக்கர் காலத்திலேயே தோன்றிய அரண்மனை நூலகம், சரசுவதி மகால் என உலகறிய விளங்குவது அவரால்தான். ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இலத்தீன் எனப் பல மொழிகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை வரவழைத்தார். பலவற்றில் ஆங்கிலத்தில் கையொப்பமிட்டு வைத்தார். நவவித்யா கலாநிதி என்னும் அச்சகம் நிறுவி, தேவநாகரி எழுத்துகளை வார்க்கச் செய்தார். ஈசாப்புக் கதைகள் மராத்தியில் அங்கே அச்சாயின. காற்றுப் பம்பும் மின்னாக்கும் பொறியும் அவர் அரண்மனையில் இருந்தன. 1803-இல் போன்சலே குல வரலாற்றைப் பெரிய கோயிலின் சுவரில் மராத்தியில் நெடுக வெட்டுவித்தார். ஆள நாடில்லாதவர் வரலாற்றைக் கல்லில் ஆண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது; ஆனால் அதைவிட மருத்துவம்தான் அவர் உள்ளத்துக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது.

தன்வந்தரி மகால் என்னும் ஆய்வகத்தில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் நான்கும் அறிந்தோரைக் கூட்டி வைத்தார். பயன்தரக் கண்ட மருந்துகளைத் தமிழ்ப் பாக்களாகப் புலவர்களைக்கொண்டு எழுதுவித்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என அவை இன்றும் வழங்குகின்றன. கண் மருத்துவத்தில் அவருக்குத் தனி ஈடுபாடு. ஆங்கில மருத்துவர் ஒருவரின் துணையோடு கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. ஒவ்வொரு நோயாளியின் பெயர், வயது, நோயின் தன்மை, சிகிச்சை, பின்விளைவு ஆகியவற்றை ஏட்டில் பதித்தார்கள். நோயுற்ற கண்ணை ஓவியன் வண்ணத்தில் தீட்டி வைத்தான். அந்த ஏடுகள் சரசுவதி மகாலில் உள்ளன; நம் காலத்துக் கண் மருத்துவர்கள் அவற்றைப் படித்துக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். வெளிச்சம் மறுக்கப்பட்ட சிறுவன் வளர்ந்து பிறர் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹெர்பர்ட்டின் நாயகனுக்கு என்ன ஆயிற்று என்பதைத் திரைப்படத்தோடு நின்றுவிட்ட எங்கள் இளைஞர்கள் அறியவில்லை. 1969-இல் வெளிவந்த இரண்டாம் நூலில் ஹெர்பர்ட் அதைச் சொல்கிறார். மீட்பர் என்று ஏற்றுக்கொண்ட மக்கள் அவன் பெயரால் புனிதப்போர் தொடுத்து, உலகம் உலகமாக அழித்தார்கள். மாண்டவர் 6,100 கோடிப் பேர். எதிர்காலத்தைக் காணும் ஆற்றல் அவனுக்கு இருந்தும், தன் பெயரால் நடக்கும் கொலையை நிறுத்தும் ஆற்றல் இல்லை. இறுதியில் அவனே கண்களை இழந்து, பாலைவனத்துள் தனியே நடந்து மறைகிறான். இளைஞர் ஒருவரிடம் இருக்கும் தலைமைக் கவர்ச்சியைக் கண்டு மயங்காதீர்கள் என்று எச்சரிக்கவே அந்நூலை எழுதினார் ஹெர்பர்ட். வாசகர் பலர் அந்த எச்சரிக்கையைக் கேளாமல் நாயகனைக் கொண்டாடியதும் உண்மை. சரபோஜிக்கு மீட்பராகும் வாய்ப்பே இல்லை. யாரும் அவர் வருவாரென வாக்கு விதைத்து வைக்கவில்லை. விதைக்கக்கூடிய இடத்தில் இருந்தவரும் அதைச் செய்யவில்லை. அதனால் அவர் நோயாளிகளின் பெயரை ஏட்டில் எழுத முடிந்தது போலும்.

சுவார்ட்ஸிடம் தஞ்சையில் பயின்ற மற்றொரு பையனையும் நினைக்க வேண்டும். பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்த வேதநாயகம், பன்னிரண்டு வயதளவில் அவரிடம் வந்து சேர்ந்தவர். பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் அவரே. சரபோஜியின் அவைப் புலவராகவும் இருந்தார். ஒரே ஆசானிடம் வளர்ந்த இருவரில் ஒருவர் கிறித்துவைக் குறவஞ்சியில் பாடினார். மற்றவர் 1820 முதல் 1822 வரை பெரும் பரிவாரத்துடன் காசிக்குத் திருப்பயணம் செய்து, கங்கையில் நீராடி, வழியெங்கும் சுவடிகள் சேர்த்துத் திரும்பினார். அவர் பெயரில் எழுந்த சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் நடிக்கப்பட்டது. 1826 மார்ச்சு இறுதியில் தஞ்சைக்கு வந்த ஆங்கிலிக்கன் ஆயர் ஹீபர், மன்னர் லவாய்சியே, லின்னேயஸ், பஃபோன் ஆகியோரின் அறிவியல் நூல்களைச் சரளமாக எடுத்தாள்வதையும், ஷேக்ஸ்பியரைப் பற்றி நுட்பமாகப் பேசுவதையும் கேட்டு வியந்து எழுதினார். லவாய்சியே பாரிசில் தலை வெட்டப்பட்டு மாண்ட 1794-இல், சரபோஜி சென்னையில் பதினாறு வயது மாணவர். ஹீபர் அங்கிருந்து திருச்சிக்குச் சென்று, ஏப்ரல் 3-ஆம் நாள் குளியல் தொட்டியில் இறந்தது தனிக்கதை. சரபோஜி 1832 மார்ச்சு 7-ஆம் நாள் மறைந்தார். அவர் மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்ததும், எஞ்சியிருந்த கோட்டையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது.

திண்ணையில் வாதாடிய இளைஞர்களை ஒரு சனிக்கிழமை தஞ்சைக்கு அழைத்துச் சென்றேன். பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைக் கோட்டையில், 1779-இல் சுவார்ட்ஸ் கட்டிய ஆலயம் இருக்கிறது. அதன் உட்சுவரில் ஒரு வெண்பளிங்குச் சிற்பம். இலண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற சிற்பியிடம் சொல்லிச் செய்வித்து, கப்பலில் வரவழைத்தது. மரணப்படுக்கையில் முதியவர், அருகே கெரிக்கே, பள்ளிச் சிறுவர்கள். தலைப்பாகை அணிந்த இளம் அரசர் குனிந்து முதியவரின் கையைப் பற்றியிருக்கிறார். பிள்ளைகள் சற்று நேரம் பேசாமல் பார்த்தார்கள்.

"ஃபாதர், இந்த ராஜா கிறிஸ்தவராகிவிட்டாரா?" என்று ஒருவன் கேட்டான்.

இல்லை என்றேன். காசிக்குப் போய் வந்தவர் என்றேன்.

"அப்படியென்றால் அவர் உருவத்தை ஏன் கோயிலுக்குள் வைத்தார்கள்?"

இந்தக் கல்லை வைத்தவரே அவர்தாம் என்றேன்.